பெயர்க் காவலும் பொருட் காவலும்

ஒரு பொருளைக் காக்கப் புகுவோன் முதற்கண் அப்பொருள் யாதென அறிதல் வேண்டும். அறிதற்கு இரு வழிகள் உள. ஒன்று, அதன் பெயரையும் இருப்பிடத்தையும் கேட்டறிதல். மற்றொன்று, அப்பொருளின்மீதே ஓர் அடையாளம் பொறித்து அதனை நோக்கி அறிதல். இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வினா, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவைப் படைப்போரிடையே பல்லாண்டுகள் பெருவழக்காக நிகழ்ந்தது. தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனால் ஆவது என்னை எனச் சிலர் வினவக்கூடும். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்தல் இலக்கணம் கற்பார்க்கு அயலான தொழிலன்று. அன்றியும், நம் மதிப்பெண்ணும் கடவுச்சொல்லும் நண்பர்க்கு எழுதிய மடலும் இன்று கணிப்பொறியிற் கோப்புகளாகவே கிடத்தலின், அவை எங்ஙனம் காக்கப்பெறுகின்றன என்பதை அறிதல் நம் கடனுமாம்.

கோப்புகள் அடைவுகளுள் அடங்கும். அடைவுகள் வேறு அடைவுகளுள் அடங்கும். எல்லாவற்றையும் தன்னுள் அடக்கியது வேரடைவு. வேரினின்று கோப்பு வரை உள்ள பெயர்களைச் சாய்கோடிட்டு வரிசையாக எழுதின் அது வழிப்பெயராம். இதற்கு உவமை தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. நம் திருவரங்கம் ஏழு திருச்சுற்றுகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த ஊர். அதன் புறச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கும் வீதிகள் உள. சித்திரை வீதிக்குக் கீழ, மேல, தெற்கு, வடக்கு என நான்கு பக்கம். அதற்கு உள்ளே அமைந்த உத்தர வீதிக்கும் அங்ஙனமே நான்கு பக்கம். 'கீழ வீதி, பத்தாம் எண்' என்று மட்டும் உறையின்மீது எழுதினால் அஞ்சற்காரர் எவ்வீட்டுக் கதவைத் தட்டுவார்? திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், சித்திரை வீதி, கீழைப் பக்கம், பத்தாம் எண் என முறையே எழுதினாலன்றோ ஐயம் நீங்கும்?

ஒரு நிரல் வழிப்பெயர் ஒன்றைக் கூறி, 'இக்கோப்பைத் திறந்து தருக' என வேண்டும்போது, கரு அப்பெயரை ஒரே சொல்லாகக் கொள்வதில்லை. வேரிலே தொடங்கி, முதற்பெயரை அங்கே தேடிக் கண்டு, அவ்வடைவினுட் புகுந்து அடுத்த பெயரைத் தேடி, இவ்வாறு வாயில்தோறும் கடந்து செல்கின்றது. இறுதியில் அது அடைவது பெயரன்று. ஐநோடு என்னும் எண்ணிட்ட பதிவு. கோப்பின் அளவு, உரிமையாளர், இசைவுகள், உள்ளடக்கம் வட்டில் எங்குள்ளது என்னும் குறிப்பு ஆகிய யாவும் ஐநோட்டில் உள. பெயர் மட்டும் அங்கில்லை. பெயர் இருப்பது அடைவில். ஆகவே ஒரே ஐநோட்டிற்கு இரண்டு மூன்று பெயர்கள் அமைதலும் கூடும். இதனை வன்பிணைப்பு என்பர். இரு வீதிகளிலும் வாயிலுடைய ஒரு வீட்டிற்கு இரு முகவரி இருத்தல் போல்வது இது. இவ்வாயில் மெய், அவ்வாயில் பொய் என்று கூற இயலாது, இரண்டும் மெய்யே.

இனி, காவலர் இரு திறத்தினர். அமெரிக்க நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.ஈ.லினக்ஸ் என்பது பொருட் காவலைச் சார்ந்தது. அஃது ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு முத்திரையை ஒட்டி, எந்நிரல் எம்முத்திரையுடைய கோப்பைத் தொடலாம் என விதி வகுக்கும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 2.6ஆம் பதிப்பிலேயே அது கருவிற் சேர்க்கப்பெற்றது. மற்றைத் திறத்தன பெயர்க் காவலைச் சார்ந்தவை. இம்யூனிக்ஸ் நிறுவனத்தார் தொடங்கி, 2005இல் அந்நிறுவனத்தை வாங்கிய நோவெல் வளர்த்த ஆப்ஆர்மர் ஒன்று; ஜப்பானிய நிறுவனமாகிய என்.டி.டி. டேட்டா படைத்த டொமோயோ மற்றொன்று. 'இந்நிரல் இன்ன வழிப்பெயருடைய கோப்பைப் படிக்கலாம். இன்னதில் எழுதலாம்' என்று இவற்றின் விதிகள் எளிய மொழியிற் கூறும். விதியைப் படிக்கும் மனிதர்க்கு அது தெள்ளிதின் விளங்குமென்பது இவற்றின் சிறப்பு.

ஆயின் பெயர்க் காவலர்க்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. கருவினுள் இசைவு வினவப்பெறும் இடங்களிற் பல, நடை முடிந்து பொருளை அடைந்த பின்னர் உள்ளவை. அங்கே காவற்கூற்றின் கையில் தரப்பெற்றது ஐநோடும், டென்ட்ரி எனப்பெறும் பெயர்ப்பதிவும் மட்டுமே. டென்ட்ரி தன் பெயரையும் தன் தாயடைவையும் அறியும். ஆதலின் அதனைப் பற்றிக்கொண்டு தாய், தாய்க்குத் தாய் என மேனோக்கிச் சென்றால் முழு வழிப்பெயர் கிடைத்துவிடாதோ எனின், கிடைக்காது.

காரணம் கூறுவோம். திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு. உள்வீட்டில் நிற்பவர் ஒருவர் வாயில்களை எண்ணிக்கொண்டு வெளியே நடந்தால், உத்தர வீதி, சித்திரை வீதி, இராசகோபுரம் என ஊரின் எல்லை வரை வருவார். அதற்கு அப்பால் ஊரை வெளியுலகத்தோடு இணைப்பது பாலம். தெற்கே காவிரிப் பாலத்தாற் சென்றால் திருச்சிராப்பள்ளி. வடக்கே கொள்ளிடப் பாலத்தாற் சென்றால் டோல்கேட். வந்தவர் எப்பாலத்தால் வந்தாரென்பதை வீட்டுக் கதவு சொல்லாது. கணிப்பொறியிலும் ஒரு கோப்புமரத்தை மற்றொரு மரத்தின் அடைவில் இணைத்தல் உண்டு; ஒரே மரத்தை இரண்டு மூன்று இடங்களில் இணைத்தலும் உண்டு. எவ்விணைப்பின் வழியே வந்தோம் என்னும் செய்தி டென்ட்ரியில் இல்லை. இணைப்புப் பதிவு ஒன்று தனியே வைத்திருக்கின்றது. அவ்விரண்டும் ஒருங்கே கிடைத்தாலன்றி வழிப்பெயரை எழுத இயலாது. இவ்விணைப்புப் பதிவைக் காவற்கூறுகளுக்குத் தருவதா வேண்டாவா என்பதே பல்லாண்டு வழக்கின் கரு. வழிப்பெயரைத் தாங்கிய புதிய வினாவிடங்கள் 2009ஆம் ஆண்டில் 2.6.29ஆம் பதிப்பில் அமைக்கப்பெற்றன. அவ்வாண்டிலேயே 2.6.30ஆம் பதிப்பில் டொமோயோவும், 2010ஆம் ஆண்டில் 2.6.36ஆம் பதிப்பில் ஆப்ஆர்மரும் கருவினுள் இடம்பெற்றன.

வழிப்பெயரை மீட்டெழுதும் முறை இன்பம் பயப்பது. கோப்பின் பெயரே முதலிற் கிடைத்தலானும், வேர் இறுதியிற் கிடைத்தலானும், கரு ஏட்டின் கடைசியினின்று முன்னோக்கி எழுதுகின்றது. முதலிற் கோப்பின் பெயர், அதன் முன்னர்த் தாயின் பெயர், அதன் முன்னர்ப் பாட்டியின் பெயர். மரத்தின் உச்சியை எய்தியவுடன் பாலத்தைக் கடந்து தாய்மரத்தில் தொடர்கின்றது. எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறொரு நிரல் இடைப்பட்ட அடைவின் பெயரை மாற்றிவிடின், பாதி பழம்பெயரும் பாதி புதுப்பெயருமாய், என்றுமே இல்லாத வழி ஒன்று எழுதப்பெறுமன்றோ? அது நேராவண்ணம், பெயர்மாற்றம் நிகழ்ந்ததா என இறுதியில் வினவி, நிகழ்ந்திருப்பின் கரு முதலிலிருந்து மீண்டும் எழுதுகின்றது. சில வேளைகளில் நிரல் உள்ளிருக்கையிலேயே பாலம் அகற்றப்பெறுவதும் உண்டு. அப்பொழுது நடை வேரை எய்தாது நின்றுவிடும். வழி தெரியாத கோப்பிற்கு எவ்விதியைப் பொருத்துவது? ஆப்ஆர்மர் இதனைத் துண்டுண்ட வழி எனக் கொண்டு, வேறு கட்டளை இல்லாவிடின் இசைவு மறுக்கின்றது. ஐயமுள்ள இடத்தில் மறுத்தலே காவலர்க்கு அழகு.

இனி இரு திறத்தார் கூற்றையும் சீர்தூக்குவோம். பொருட் காவலர் கூறுவது: 'கடவுச்சொற்களின் மறைவடிவங்களைத் தாங்கிய ஷேடோ என்னும் கோப்பின் பெயரை நீர் காக்கின்றீர், ஒருவன் அதே ஐநோட்டிற்கு வேறோர் அடைவில் வேறு பெயர் சூட்டிவிடின், உம் காவல் முன்வாயிலில் நிற்கப் பொருள் பின்வாயிலாற் போய்விடுமே.' இது வலிய வாதம். இதற்கு ஆப்ஆர்மரின் விடை, புதுப்பெயர் சூட்டுதலையும் ஒரு செயலாகக் கொண்டு அதற்கும் இசைவு வேண்டுதலாம். ஆயினும் அவ்விடை, காவலுக்குட்பட்ட நிரல்களையே கட்டுப்படுத்தும். உட்படாத நிரல் சூட்டிய பெயரை அது தடுப்பதில்லை.

பெயர்க் காவலர் எதிர்வாதமும் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. ஒருவர் தம் கடவுச்சொல்லை மாற்றும்போது பழைய ஷேடோ கோப்பு திருத்தப்பெறுவதில்லை. புதிய கோப்பொன்று எழுதப்பெற்றுப் பழைய பெயருக்கு மாற்றப்பெறுகின்றது. பெயர் அதுவே, பொருளோ புதிது. முத்திரை பழம்பொருளோடு ஒழிந்தது. ஆதலின் புதுப்பொருளுக்கு உரிய முத்திரையை இட, கோப்பை எழுதும் நிரலும் அறிந்து ஒழுகல் வேண்டும். தவறின் மறைபொருள் முத்திரை பிழைத்துக் கிடக்கும். பெயர்க் காவலுக்கோ இவ்விடர் இல்லை. ஓரிடத்தில், பொருள் மாறாதிருக்கப் பெயர் மாறி வஞ்சிக்கின்றது. மற்றோரிடத்தில், பெயர் மாறாதிருக்கப் பொருள் மாறி வஞ்சிக்கின்றது. இரு வஞ்சனைகளையும் ஒருங்கே நீக்கவல்ல காவல் இவற்றுள் ஒன்றுமில்லை.

இவ்வழக்கு கடல் கடந்த நாட்டாரதே என்று எண்ணற்க. தமிழ்நாடு மின்னணுக் கழகமாகிய எல்காட் 2007ஆம் ஆண்டை ஒட்டி ஏற்ற சூசி லினக்ஸ், அக்காலத்தில் ஆப்ஆர்மரை வளர்த்த நோவெல் நிறுவனத்தாரதே. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடியாகக் கொண்டது. அந்த டெபியன் 2019ஆம் ஆண்டின் 10ஆம் பதிப்பு முதல் ஆப்ஆர்மரை இயல்பாகவே இயக்குகின்றது. மறுபுறம், நம் கைகளில் தவழும் ஆண்ட்ராய்டு கைபேசிகள் 2014ஆம் ஆண்டின் 5.0 பதிப்பு முதல் எஸ்.ஈ.லினக்ஸின் முத்திரைக் காவலை முழுமையாக மேற்கொண்டன. ஆகவே மேசைமீது பெயர்க் காவலும், சட்டைப்பையில் பொருட் காவலுமாக, இரண்டின் நிழலிலும் ஒரே நாளில் வாழ்வோர் நம்மிற் பலர்.

இவற்றால் யாம் உணர்ந்தது ஒன்று. பெயரைச் சொல்லக் கேட்டவுடன் நம்புதல் காவலாகாது. சொன்ன கணத்திற்கும் திறக்கும் கணத்திற்கும் இடையே பெயர் வேறொரு பொருளைச் சுட்டத் தொடங்கலாம். ஆதலாற்றான் கரு, கேட்டோன் உரைத்த பெயரை நம்பாது, தானே நடந்து பொருளைக் கைப்பற்றி, பின் அப்பொருளினின்று பெயரைத் தானே மீட்டெழுதி, அதன்பின்னரே விதியை நோக்குகின்றது. சொல்லைக் கேட்டு, பொருளைக் கண்டு, மீண்டும் சொல்லுக்கு வருதல் என்னும் இம்முறை, உரை காணும் மாணவராகிய நமக்கும் ஏற்றதேயாம்.