புல்லுக்கும் தளத்துக்கும் நடுவே

தில்லியில் சர்க்கார் குவார்ட்டர்ஸ் வாசம் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. புல்வெளி என்று ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் செங்கற்களைச் சாய்த்து, ரம்பப் பல் மாதிரி வரிசையாக நட்டு, காவியும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்திருப்பார்கள். ரிடையரான பிறகு தரைத்தள வீடு ஒன்று வாங்கினோம். பின்புறம் 8 அடிக்குக் கோட்டாக்கல் தளம், அதைத் தாண்டிப் புல். அங்கேயும் அதே பல் வரிசை வேண்டுமென்று ஆசைப்பட்டது நான்தான். மாலி 2 நாளில் நட்டு, சிமெண்டும் பூசிக் கொடுத்தார். தளத்துக்கு மேல் 4 அங்குலம் எடுப்பாக நின்றது.

முதலில் தடுக்கி விழுந்தது அம்மா. வயது 82. தில்லிக்காரர்கள் 'தூப்' என்று சொல்லி வளர்க்கும் புல் வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்தான். தினமும் காலையில் பிள்ளையாருக்கு ஒரு கைப்பிடி பறிக்க இறங்குவாள். நல்ல வேளை, முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அன்றிலிருந்து அம்மா புல்லில் இறங்கவில்லை. "அந்தப் பல்லைக் கண்டாலே பயமா இருக்குடா" என்று ஜன்னலோடு நின்றுவிட்டாள்.

அடுத்தது ஜூலை மழை. தளத்தின் வாட்டம் வீட்டிலிருந்து புல்லை நோக்கித்தான். 8 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு. நான் கட்டியதோ குறுக்கே ஒரு வரப்பு! ஒரு மணி நேர மழையில் தளம் குளமாகி, தண்ணீர் சமையலறைப் படியைத் தொட்டது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பக்கெட்டைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

பல்லைப் பிடுங்கிவிட்டு வேறு வழிகளைப் பார்த்தேன். ஒன்றுமே போடாமல் குர்ப்பியால் ஓரம் வெட்டிக்கொண்டிருக்கலாம்; செலவில்லை. ஆனால் அருகு தரைக்கு மேலும் ஓடும், மண்ணுக்குள்ளும் ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும். பதினைந்து நாள் அசந்தால் கல் இடுக்கில் புகுந்துவிடும். இரும்புப் பட்டை துருப்பிடிக்கும், வெறுங்காலுக்கும் ஆகாது. பிளாஸ்டிக் பட்டை நம் மே மாத வெயிலில் நொறுங்கும். கோட்டாக்கல் பலகையைச் செங்குத்தாகப் புதைத்தால் அழகுதான், ஆனால் புல்வெட்டும் மெஷினின் சக்கரம் ஏற அகலம் போதாது.

கடைசியில் அதே செங்கல்தான், ஆனால் நேராக நிற்க வைத்து. 9 அங்குல உயரமும் மண்ணுக்குள், நாலரை அங்குல அகலம் மேலே. 20 அடி நீளத்துக்கு 75 கல் பிடித்தது. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கிற, நன்கு வெந்த கல்லாகப் பொறுக்க வேண்டும். வேகாத கல் மண் ஈரத்தில் உப்புப் பூத்து உதிரும். அக்டோபரில், மழை ஓய்ந்ததும், மிஸ்திரி நூல் கட்டி ஓர் அடி ஆழம் வெட்டி, அடியில் 3 அங்குலம் ஜல்லிக் கலவை போட்டு நிறுத்தினார். தளத்தை விட 2 நூல் தாழ்வாகவே வைக்கச் சொன்னேன். அவருக்கு மனசே இல்லை. "பாபுஜி, பார்டர் தெரியவே தெரியாதே" என்றார். தெரிய வேண்டாம் என்றேன்.

இன்னொன்று: புல் பக்கத்து மண் கல்லை விட ஓர் அங்குலமாவது இறங்கியிருக்கட்டும். வருஷா வருஷம் எருவும் மண்ணும் தூவத் தூவ அது தானே ஏறிவரும். இன்றே சமமாக வைத்தால் 3 வருஷத்தில் மறுபடியும் வரப்புதான்.

குளிரில் பழுத்துக் கிடந்த புல் மார்ச்சில் பச்சை கட்டி, கல் வரை வந்து நின்றது. இப்போது மெஷினின் ஒரு சக்கரம் செங்கல் மேல் ஓடுகிறது. ஓரம் வெட்டும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. அடுத்த ஜூலையில் தண்ணீர் சத்தமில்லாமல் புல்லுக்குள் போயிற்று.

அம்மா ஒரு சதுர்த்தியன்று யாரையும் கூப்பிடாமல் தானே இறங்கிவிட்டாள். திரும்பி வந்ததும் ஒரு குறை சொன்னாள். "முன்னே கல் இடுக்கிலேயே அருகு முளைச்சிருக்கும், படியில உட்கார்ந்தபடியே பறிச்சுப்பேன். இப்போ அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கு."