பெண் வேடமும் பெருங்கலையும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்தார் நடித்த அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு களித்த அன்பர்கள், சந்திரமதியாக வந்த சிறுவனை மறந்திருக்கமாட்டார்கள். மயான காண்டத்தில், பாம்பு தீண்டி மாண்ட மகனை மடியிற் கிடத்தி அவன் புலம்பியபோது, தாய்மார் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். ஆயினும் மறுநாள் முதல் பள்ளியிலும் குடியிருப்பிலும் “சந்திரமதி” என்றழைத்து அவனைக் கேலி செய்யத் தொடங்கினர். இவ்வாண்டு ஒத்திகைக்கு அவன் வரவில்லை. “ஆண்பிள்ளை சேலை கட்டுவது அவமானமென்று இவன் அப்பாவே சொல்கிறார், அண்ணா! நான் என்ன பதில் சொல்ல?” என்று அவன் அன்னையார் நம்மிடம் வினவினார்.

சரக்கு ரசீதுகளோடு பொழுதைக் கழிக்கும் ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் கலை விற்பன்னர் அல்லோம். எனினும், அந்த அம்மையாருக்குரிய விடை நாம் பிழைக்க வந்த இம்மும்பை மாநகரிலேயே இருக்கிறது. 1913ஆம் ஆண்டு இங்கே கிர்காமில், தாதாசாகேப் பால்கே தயாரித்த ‘ராஜா அரிச்சந்திரா’ என்னும் மௌனப் படம் திரையிடப்பட்டது. நம் சந்திரமதிக்கு வடநாட்டில் வழங்கும் பெயர் தாராமதி. அவ்வேடம் தாங்கப் பெண் எவரும் முன்வராமையால், சிற்றுண்டிச்சாலையிற் பணிபுரிந்த அண்ணா சாளுங்கே என்னும் இளைஞர் தாராமதியானார். 1917இல் வந்த ‘லங்கா தகன’த்தில் இராமரும் அவரே, சீதையும் அவரே!

மராத்தி நாடக மேடையில் பால கந்தர்வர் (1888–1967) பெற்ற புகழோ அளவிறந்தது. அவர் புடவை உடுத்தும் பாங்கையும் பூச்சூடும் முறையையும் குடும்பப் பெண்டிரே பின்பற்றினர். 1911இல் ‘மானாபமான்’ நாடகம் அரங்கேறிய நாளில் அவருடைய பெண் குழந்தை இறந்தது. காத்திருந்த மக்களை ஏமாற்ற மனமின்றி அன்றும் அவர் வேடம் புனைந்தார் என்பர். 1964இல் பத்ம பூஷண் விருது அவரைத் தேடி வந்தது. புனே நகரின் பெரிய நாடக அரங்கம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நம் நாட்டு வழக்கும் இதுவே. தெருக்கூத்தில் திரௌபதியாகத் துகிலுரியப்பட்டுக் கதறியவர் ஆடவரே. தஞ்சை மாவட்டத்து மெலட்டூர் பாகவத மேளாவிலும் பிரகலாதனின் தாய் லீலாவதியாக ஆடவரே ஆடுவர். சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்ற தி. க. சண்முகம் (1912–1973), மூதாட்டி அவ்வையாராக நடித்து, ‘அவ்வை’ என்பதையே தம் பெயருக்கு முன் அணியாகப் பெற்றார்.

இதன் மறுபுறத்தையும் மறைத்தல் நேர்மையன்று. பெண்கள் மேடையேறினால் அவர்கள் ஒழுக்கத்தைப் பழித்த சமூகமே ஆடவர்க்குச் சேலை உடுத்தியது. அத்தடையைக் கடந்து வந்த கே. பி. சுந்தராம்பாள், 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்துக் காட்டினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ரூபாய் 1 லட்சம்! ஆணாக நடித்த பெண்ணைப் போற்றும் நாம், பெண்ணாக நடித்த ஆணை இகழ்வது என்ன நியாயம்?

நம் சிறுவர்கள் இக்கேலியை எங்கே கற்றனர்? சேலை கட்டிய ஆடவனைக் கண்டவுடன் சிரிக்கவேண்டுமென்று திரைப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகள் பல காலமாகக் கற்பித்துவிட்டன. அச்சிரிப்பு சிறுவனோடு நிற்பதில்லை. மேடை வேடத்தோடு தொடர்பேயின்றித் தம் வாழ்வைப் பெண்ணாக வாழும் திருநங்கையரையும் அது தெருவிலே சுடுகிறது. பெண்ணை ஏளனஞ் செய்ய வேடம் போடுவது ஒன்று. பெண்ணின் துயரைத் தன் துயராக ஏற்று நிற்பது மற்றொன்று. நம் சிறுவன் செய்தது பின்னது.

சென்ற ஞாயிறன்று அவன் தந்தையாரைக் கண்டு இவற்றையெல்லாம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அன்று நானும் அழுதேன், சார்” என்றார். அதை மகனிடம் சொன்னீர்களா என்று கேட்டோம். இல்லையென்று தலையசைத்தார்.

அன்பர்களே, இவ்வாண்டும் ஒத்திகை தொடங்கிவிட்டது. அரிச்சந்திரனாக நடிக்க ஒரு சிறுமி பெயர் கொடுத்திருக்கிறாள். சந்திரமதி வேடத்திற்கு இன்னும் எவரையும் நாம் அமர்த்தவில்லை.