பிள்ளை கையிலே ஒரு சதுரங்க ஆசான்

“பிள்ளை வேறொன்றும் பார்க்கிறதில்லை, டெப்பில் செஸ்தான் விளையாடுது.”

கொழும்பு மாநகரிலே பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடும் இடங்களில் இந்நாட்களில் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது. சொல்லுகிறவரின் குரலிலே ஒரு நிம்மதி இருக்கும். சற்றே பெருமையும் கலந்திருக்கும். பிள்ளை சினிமாப் பாட்டுப் பார்க்கவில்லை. துப்பாக்கி கொண்டு சுடும் விளையாட்டிலே பொழுதைப் போக்கவில்லை. அறிவை வளர்க்கும் ஆட்டமல்லவா ஆடுகிறது! இதிலே கவலைப்பட என்ன இருக்கிறது?

இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆயினும், அஃது அஞ்சி ஒதுங்க வேண்டிய கவலையன்று. அறிந்து சீர்செய்துகொள்ளக்கூடிய கவலையே.

2020, 2021 ஆம் ஆண்டுகளிலே கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் படிப்பதற்கென்று டெப் கணினி நம்மவர் வீடுகள் பலவற்றில் நுழைந்தது. பாடசாலைகள் மீண்டும் திறந்தன. டெப் கணினியோ வெளியேறவில்லை. கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி பிளாசா போன்ற கடைத்தொகுதிக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தால் கருவியை வாங்கிவிடலாம். அதற்குள்ளே எதனை இட்டுப் பிள்ளையின் கையில் கொடுப்பது என்பதுதான் கடினமான கேள்வி. சதுரங்கம் என்று தேடினால் செயலிகள் கணக்கின்றி வந்து குவிகின்றன. எல்லாம் தம்மையே சிறந்தவை என்கின்றன. எதனை எடுப்பது? எதனை விடுப்பது?

ஆட்டம் வேறு, படிப்பு வேறு

முதலிலே ஒரு வேற்றுமையை மனத்திற்கொள்ள வேண்டும். சதுரங்கம் ஆடுவது ஒன்று. சதுரங்கம் படிப்பது மற்றொன்று. ஆளுக்கு ஒரு நிமிடமோ மூன்று நிமிடமோ வைத்துக்கொண்டு, முகமறியாத ஒருவருடன் மின்னல் வேகத்தில் காய் நகர்த்தும் ஆட்டத்தைச் செயலிகள் எல்லாம் தருகின்றன. அதிலே இன்பம் உண்டு, பழக்கமும் உண்டு. ஆனால், தோற்ற ஆட்டம் ஏன் தோற்றது என்று எண்ணுவதற்கு முன்னரே அடுத்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இவ்வாறு நூறு ஆட்டங்கள் ஆடிய பிள்ளை, ஒரே தவற்றை நூறு முறை செய்திருக்கவும் கூடும்.

படிப்பு என்பது யாது? அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்னும் அறிஞர் இருவர் 1973 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு நல்ல விளக்கம். மெய்யான ஓர் ஆட்டத்தின் நிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டிவிட்டு மறைத்து, காய்களை மீண்டும் அடுக்கும்படி சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் தம் இடத்தில் வைத்தார். புதியவர் சிலவற்றையே வைத்தார். பின்னர், காய்களை ஒழுங்கின்றித் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது தேர்ந்தவரின் மேன்மை அநேகமாக மறைந்துபோயிற்று. இதிலிருந்து தெரிவது யாது? அவருக்கு வாய்த்திருந்தது பொதுவான ஞாபக சக்தியன்று. பல ஆண்டுப் பயிற்சியிலே மனத்தில் பதிந்த அமைப்புகளின் பெருஞ்சேமிப்பு. அந்தச் சேமிப்பை வளர்ப்பதே படிப்பு. அதற்குத் துணைசெய்யும் செயலியே படிப்புச் செயலி.

சென்னை தந்த பாடங்கள்

நம் மொழி பேசும் மண்ணிலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்பித்தவர் அவருடைய தாயார் சுசீலா. 1970களின் இறுதியில் தந்தையாரின் உத்தியோகம் காரணமாக அக்குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டிலே சில காலம் தங்கியது. அங்கே பிற்பகலில் தொலைக்காட்சியிலே சதுரங்கப் புதிர் ஒன்று காட்டுவார்கள். மகன் பாடசாலையிலிருக்கும் நேரத்தில் தாயார் அப்புதிரைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் அமர்ந்து விடை காண்பார்கள். சரியான விடைக்குப் புத்தகம் பரிசு. சிறுவன் அடுக்கடுக்காய்ப் பரிசு வென்றதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனிமேல் போட்டிக்கு எழுதாதிருக்கும்படி அவர்களே கேட்டுக்கொண்டார்களாம். அச்சிறுவரே 1988 இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் உலகச் சாம்பியனுமானார். புதிர் வந்தது திரையில்தான். விடை வந்ததோ தாயும் மகனும் சேர்ந்து செலவிட்ட மாலைப் பொழுதில்.

பிரக்ஞானந்தாவின் குடும்பக் கதை இன்னும் சுவையானது. மூத்தவர் வைஷாலி தொலைக்காட்சியிலே கேலிச்சித்திரப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் குறைப்பதற்காகவே தந்தையார் ரமேஷ்பாபு அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார். தமக்கையைப் பார்த்துத் தம்பியும் கற்றார். இன்று இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள்; உலகில் அப்பட்டம் பெற்ற முதலாவது அக்காள் தம்பி அவர்களே. திரையிலிருந்து பிள்ளையை மீட்பதற்கு அன்று மருந்தாக இருந்த சதுரங்கம், இன்று அதே திரைக்குள் புகுந்துகொண்டு நம் பிள்ளைகளை அழைக்கிறது. காலத்தின் விநோதம் இது!

எல்லாவற்றிலும் சிந்திக்கத்தக்கது குகேஷின் வரலாறு. 2006 இல் சென்னையிலே பிறந்த இவர், 2019 ஜனவரியில், பதின்மூன்று வயது நிறையுமுன்னரே கிராண்ட்மாஸ்டரானார். 2024 டிசெம்பர் 12 ஆந் திகதி சிங்கப்பூரிலே சீனாவின் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்ற புள்ளிக் கணக்கில் வென்று, பதினெட்டு வயதிலே உலகச் சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றினார். இவருடைய ஆசான் விஷ்ணு பிரசன்னா, பயிற்சிக் காலத்திலே கணினி இயந்திரத்தின் உதவியை நெடுநாள் விலக்கியே வைத்திருந்தார். இயந்திரம் விடை சொல்லத் தொடங்கிவிட்டால் மாணவன் தானே கணக்கிட்டுப் பார்ப்பதைக் கைவிட்டு விடுவான் என்பதே அதற்குக் காரணம்.

கணினியோடே வளர்ந்து பெருநிலை எய்தியவர்களும் உண்டு. ஆகையால் இஃது ஒன்றே வழியென்று சாதிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இதிலுள்ள எச்சரிக்கை நம் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

இயந்திரம் என்னும் இரட்டைவாய்க் கத்தி

1997 மே மாதத்தில் ‘டீப் புளூ’ என்னும் கணினி உலகச் சாம்பியன் கஸ்பரோவை வென்றபோது, அக்கணினி ஆளுயரத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகளில் அடங்கியிருந்தது. இன்று ‘ஸ்டொக்பிஷ்’ என்னும் இயந்திரம் அதனிலும் பன்மடங்கு வல்லமையோடு டெப் கணினிக்குள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த நிலையைக் காட்டினாலும் சிறந்த நகர்வு இதுவென்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும்.

இங்கேதான் ஆபத்து. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்து எழுதும் மாணவனுக்குக் கணக்கு வருமா? பிள்ளை ஒரு நகர்வைத் தவறாகச் செய்கிறது. திரையிலே ஓர் அம்புக்குறி தோன்றிச் சரியான நகர்வைக் காட்டுகிறது. பிள்ளை “ஓ!” என்று தலையசைக்கிறது. அவ்வளவுதான். கற்றது போலத் தோன்றும். நாளைக்கு அதே நிலை வந்தால் அதே தவறு வரும். அதுமட்டுமோ? கேட்டவுடன் விடை கிடைக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டால், சற்றுநேரம் தெரியாமல் இருந்து தேடிப் பார்க்கும் பொறுமை சதுரங்கத்திலே மாத்திரமன்றி எல்லாப் படிப்பிலும் குன்றிவிடும்.

ஐந்து கேள்விகள்

ஆகவே, செயலி ஒன்றைத் தெரிவு செய்யுமுன் பெற்றோர் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நன்று.

முதலாவது: விடையைச் சொல்லுமுன் அது பிள்ளையைக் கேட்கிறதா? ‘லிச்செஸ்’ என்னும் தளம் இவ்வகையிலே பாராட்டத்தக்கது. 2010 இல் தீபோ துப்ளெஸ்ஸி என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கியது அது. அங்கே ஆடிமுடித்த ஆட்டத்தை ஆராயும்போது, பிள்ளை தவறிய இடத்துக்கே அழைத்துச் சென்று, “இதனிலும் நல்ல நகர்வு எது?” என்று வினவும் வசதி உண்டு. மெய்யாக ஆடப்பட்ட ஆட்டங்களிலிருந்து எடுத்த புதிர்கள் 40 இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பிள்ளையின் தரத்துக்கு ஏற்றவை வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது: கற்றதை மறுபடியும் கேட்கிறதா? ஒருமுறை கற்றது சில நாட்களில் மங்கும் என்பதை எபிங்ஹௌஸ் என்னும் ஜெர்மானியர் 1885 இலேயே அளந்து காட்டினார். இடைவெளி விட்டு மீட்டிக் கேட்பதே அதற்கு மாற்று. 2015 இல் தோன்றிய ‘செஸபிள்’ இம்முறையைக் கொண்டு அமைந்தது. அங்கே இலவசப் பாடங்களும் உண்டு; விலைக்கு உரியனவும் உண்டு.

மூன்றாவது: காரணத்தைச் சொல்லுகிறதா? எண்ணும் அம்புக்குறியும் காரணமாகா. ‘செஸ் டொட் கொம்’ தளத்தின் பாடங்களிலே சொற்களால் விளக்கம் உண்டு. ஆனால் பணம் கட்டாதவர்க்குப் பாடமும் புதிரும் ஓர் அளவுக்கே கிடைக்கும். மாதந்தோறும் டொலரிலே சந்தா கட்டுவது, 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்ததைக் கண்ட நமக்கு இலேசான காரியமன்று. லிச்செஸ் தளத்திலே கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை, நன்கொடையால் நடக்கிறது.

நான்காவது: இணையம் இல்லாதபோதும் இயங்குமா? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பயிலக்கூடிய செயலியானால் வேறு இலாபமும் உண்டு: பிள்ளையின் கவனத்தைக் கலைக்கும் அறிவித்தல் ஒன்றும் வந்து குறுக்கிடாது.

ஐந்தாவது: முன்பின் அறியாதவர் பிள்ளையோடு பேச இடங்கொடுக்கிறதா? லிச்செஸ் தளத்திலே சிறுவர்க்கென ஓர் அமைப்பு உண்டு. அதனை இயக்கிவிட்டால் உரையாடல்கள் எல்லாம் மறைந்துவிடும். பிள்ளையிடம் கொடுக்குமுன் பெற்றோரே இதனைச் செய்துவிட வேண்டும்.

அரைமணி நேரம் போதும்

செயலி கிடைத்துவிட்டது, எவ்வாறு பயில்வது? டெப் கணினிக்குப் பக்கத்திலே மெய்யான சதுரங்கப் பலகை ஒன்றையும், ஓர் அப்பியாசக் கொப்பியையும் வையுங்கள். திரையில் வரும் புதிரைப் பலகையிலே அடுக்கச் செய்யுங்கள். காயைத் தொடாமல் மனத்திலேயே கணக்கிட்டு, விடையைக் கொப்பியில் எழுதிய பின்னரே திரையைத் தொடலாம் என்பது சட்டமாக இருக்கட்டும். நாளுக்கு ஐந்து புதிர் போதும். தவறியவற்றை வாரக் கடைசியில் மீண்டும் செய்யட்டும்.

இயந்திரத்தை அறவே தள்ளவும் வேண்டாம். அதனைச் சோம்பாத எதிராளியாகப் பயன்படுத்தலாம். உதாரணமாக, தனித்து நிற்கும் அரசனை, அரசனும் கோட்டையும் கொண்டு மடக்கும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையிலிருந்தும் பிழையின்றி ஆடினால் பதினாறு நகர்வுக்குள் முடிந்துவிடும். தொடக்கத்திலே பிள்ளைக்கு முப்பது நாற்பது நகர்வுகள் ஆகலாம். ஐம்பதைத் தாண்டினால் ஆட்டம் சமநிலை என்பது விதி. அலுப்பில்லாத இயந்திரத்தோடு பத்து முறை ஆடி, நகர்வுகளின் தொகை நாளுக்கு நாள் குறைவதைக் கொப்பியிலே குறித்துவந்தால், தன் வளர்ச்சியைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும்.

அருகில் அமரும் ஒருவர்

இவ்வளவும் சொன்ன பிறகு, எந்தச் செயலியிலும் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். ஆனந்துக்குப் பக்கத்தில் தாயார் இருந்தார். அமெரிக்காவின் புகழ்பெற்ற கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுராவுக்குச் சிறுவயதில் பயிற்சியளித்தவர், இலங்கையிலே பிறந்தவரும் நகமுராவின் சிற்றப்பா முறையானவருமான, அதாவது தாயார் மறுமணஞ் செய்த, சுனில் வீரமந்திரி. வல்லவர்களாய் வளர்ந்த பிள்ளைகளுக்கு அருகிலே, அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று கேட்க ஒருவர் இருந்திருக்கிறார்.

“எங்களுக்கு ஆட்டமே தெரியாதே” என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. காய்களின் பெயர் தெரியாத அம்மம்மாவும் செய்யக்கூடிய உபகாரம் இது. நாளுக்கு ஒருமுறை பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, “ஏன் ராசா இதை நகர்த்தினாய்? அவன் பதிலுக்கு என்ன செய்வான்?” என்று கேளுங்கள். விளங்கப்படுத்தத் தொடங்கியதும், தன் எண்ணத்திலே உள்ள ஓட்டையைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். அந்த விளக்கத்தைச் சரிபார்க்க வேண்டியதும் இல்லை; காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

நல்ல ஆசான் விடையைத் தன் கையிலே வைத்துக்கொண்டு, மாணவன் தேடி வரும்வரை காத்திருப்பான். நல்ல செயலிக்கும் அதுவே இலக்கணம். அடுத்த முறை பிள்ளை டெப்பில் செஸ் விளையாடுகிறதென்று பெருமையோடு சொல்லுமுன், ஒரு கணம் எட்டிப் பாருங்கள்: சிந்திப்பது பிள்ளையா, கருவியா? பிள்ளைதான் என்றால், அந்தப் பெருமை முழுக்க முழுக்க நியாயமானதே.