பழைய லாரிக்கு இண்டிகேட்டர் பல்பு வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கலசப்பாக்கத்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் கேட்டிருக்கார்: "இண்டிகேட்டருக்குப் புது பல்பு வாங்கினேன், ஹோல்டர்ல உட்காரவே மாட்டேங்குது. இன்னொண்ணு உட்காந்துச்சு, போட்ட உடனே போயிடுச்சு. கடையில ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாங்க."

ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. நாலு விஷயம் பார்க்கணும்.

முதல்ல வோல்ட். பெரிய லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி ரெண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டியில் 12 வோல்ட். 12 வோல்ட் பல்பை 24-ல் போட்டால் உடனே போயிடும். 24 வோல்ட் பல்பை 12-ல் போட்டால் மினுக்கு மினுக்குன்னு மங்கலாத்தான் எரியும். கழட்டின பல்பின் அடியிலேயே எண் இருக்கும், படிச்சுப் பாருங்க.

ரெண்டாவது நிறம். வெளிச்சம் ஆரஞ்சாக இருக்கணும். மூடியே ஆரஞ்சு என்றால் வெள்ளைக் கண்ணாடி பல்பு, அதன் பெயர் பி21டபிள்யூ. மூடி வெள்ளை என்றால் ஆரஞ்சு பல்பு, பிஒய்21டபிள்யூ. முதல் வகையில் பக்கவாட்டுக் குமிழ் ரெண்டும் நேரெதிரே இருக்கும். ரெண்டாவதில் ஒன்று கொஞ்சம் தள்ளி இருக்கும். மாத்திப் போடக் கூடாதுன்னே அப்படிச் செய்திருக்காங்க. குமிழை அரம் போட்டுத் தேய்ச்சு உள்ளே தள்ளாதீங்க.

மூணாவது வாட். இண்டிகேட்டருக்கு 21 வாட். 5 வாட், 10 வாட் பல்பிலும் அதே அடிப்பாகம் வரும், ஹோல்டரில் உட்காந்துடும். ஆனா பகலில் பின்னாடி வர்றவருக்குத் தெரியாது. அடியில் ரெண்டு புள்ளி இருந்தால் அது பிரேக், டெயில் சேர்ந்த பல்பு. அது இதுக்கு இல்லை.

நாலாவது பிளாஷர். பழைய பிளாஷர் பல்பு இழுக்கும் கரண்டை வைத்துத்தான் வேலை செய்யும். 24 வோல்ட்டில் 21 வாட் பல்பு சுமார் 0.9 ஆம்பியர் இழுக்கும். எல்.இ.டி. அதைவிடக் குறைவாக இழுப்பதால், பல்பு போயிடுச்சுன்னு நினைச்சு படபடன்னு வேகமாகச் சிமிட்டும். சிலது சிமிட்டவே செய்யாது. எல்.இ.டி. போடணும்னா அதே வோல்ட்டில் எல்.இ.டி.க்கான பிளாஷரையும் சேர்த்து மாத்துங்க.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-படி இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறத்தில், நிமிஷத்துக்கு 60-லிருந்து 120 தடவை சிமிட்டணும். எஃப்.சி.க்குப் போகும் முன் கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் தகராறு என்றால் அந்தப் பக்கத்துப் பல்பையும் துருப்பிடித்த எர்த்தையும் பாருங்க. ரெண்டு பக்கமும் என்றால் ஃபியூஸ், பிளாஷர்.

கரும்பு லோடோடு ராத்திரி போளூர் ரோட்டில் வலது பக்கம் திரும்பும்போது, பின்னாடி பைக்கில் முந்த வர்றவருக்கு அந்த ஒரு விளக்குதான் சேதி. அதனால பழைய பல்பைத் தூக்கிப் போடாம கையோடு கடைக்குக் கொண்டு போங்க. குமிழ், புள்ளி, எண் மூணும் ஒத்துப் பார்த்து வாங்குங்க.