தாய்மாரும் வாசிப்பும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே தாயொருத்தியின் நாள் விடியுமுன்னே அடுப்படியில் தொடங்குகிறது. பெரட்டு, கொழுந்து நிறுவை, மாலையில் விறகு, தண்ணீர் என்று பொழுது போய்விடுகிறது. பள்ளியிற் கற்ற எழுத்து அவளுக்கு மறந்துவிடவில்லை. வாசிக்கும் பழக்கமே விட்டுப்போயிற்று.

அதனை மீட்கும் வழி மலையக வரலாற்றிலேயே உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் துயரைப் பாடல்களாக இயற்றிக் கூட்டங்களிலே தாமே பாடினார். 1940ஆம் ஆண்டில் அப்பாடல்கள் சிறு நூலாகவும் வெளிவந்தன. செவியிற் பதிந்த பாட்டை ஏட்டிலே காணும்பொழுது வாசிப்பு எளிதாகிறது. அடுத்த சொல் இன்னதென்பதை நா முன்னமே அறிந்திருக்கிறது.

ஆகவே, நெடுநாள் வாசியாதிருந்த தாய் பெரிய நாவலை எடுத்து அலுத்துப்போக வேண்டியதில்லை. தெரிந்த பாட்டொன்று, அல்லது பிள்ளையின் பாடநூலிலுள்ள சிறு கதையொன்று போதும். சோறு வேகும் வேளையில், நாளொன்றுக்கு ஒரு பக்கம், வாய்விட்டு வாசிக்கலாம். பிள்ளையும் அருகிருந்து கேட்கும். பின்னர் பத்திரிகைச் செய்தி, அதன்பின் சிறுகதை என்று ஏறலாம்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. சம்பளச் சீட்டைப் பிறர் வாசித்துச் சொல்லக் கேட்பவள், சொன்னதை நம்பியே ஆகவேண்டும். தானே வாசிப்பவளோ, கணக்குக் கேட்பாள்.