விருதும் விண்ணப்பமும்

தன்னைத் தானே வியந்து கூறுதல் அறிஞர்க்கு அழகன்று என்பது நம் முன்னோர் கொள்கை. எனினும், புலவனொருவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தக்க இடங்கள் நான்கு உள என நன்னூற் பாயிரம் விதிக்கின்றது. அரசனது மன்றத்திற்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடத்தும், அவையில் வாதஞ்செய்து வெல்லும்போதும், மாற்றான் தன்னைப் பழித்தவிடத்தும் அது தகும் என்பதாம். சுயேச்சைப் பத்திரிகையாளர் ஒருவர் விருது வேண்டி விடுக்கும் விண்ணப்பம் இவற்றுள் இரண்டாவதன்பாற் படும். அவ்விண்ணப்பம் எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், சுயேச்சை என்பது யாது? அருள்புரத்தையே எடுத்துக்கொள்வோம். திருப்பூரினின்று பல்லடம் செல்லுஞ் சாலையிலுள்ள இவ்வூர், பின்னலாடைத் தொழிற்சாலைகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்தது. நொய்யலாற்றிற் சாயக்கழிவு கலத்தலைத் தடுக்கும்பொருட்டுத் திருப்பூர் வட்டாரத்துச் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. நீர் கெட்டமையால் நிலம் பாழ்பட்ட உழவர் ஒருபுறம். வேலையிழந்த தொழிலாளர் மறுபுறம். கடன்பட்டுத் தொழில் நடத்திய பட்டறைக்காரர் பிறிதொருபுறம். விளம்பரந் தருபவர் யார், அதிகாரம் உடையவர் யார் என்று நோக்காது, இம்மூவர் சொல்லையும் துலாக்கோல்போல் நிறுத்து எழுதுவதே சுயேச்சை எனப்படும்.

அவ்வாறு எழுதிய ஒருவர் விருதுக்கு விண்ணப்பிக்குங்கால், கட்டுரைகளை வெளிவந்த நாள்களுடன் இணைத்தல் வேண்டும். செய்தியை எவ்வாறு திரட்டினார், எந்தப் பத்திரங்களை நோக்கினார், யாவரைக் கண்டு வினவினார், அதற்கான செலவை ஏற்றவர் யார், அதனால் விளைந்த பயன் யாது என்பவற்றைச் சுருங்கக் கூறல் வேண்டும். பிறமொழியினர் வழங்கும் விருதாயின், மொழிபெயர்ப்பு மூலத்தினின்றும் கூடாமலும் குறையாமலும் இருத்தல் வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. அமெரிக்காவிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக 1917 முதல் அளிக்கப்பட்டுவரும் புலிட்சர் பரிசின் விதிகள், கட்டுரையின் உண்மையையோ நடுவுநிலைமையையோ மறுத்து எவரேனும் தக்க ஆட்சேபம் எழுப்பியிருப்பின், அதனையும் அதற்குரிய மறுமொழியையும் உடன் அனுப்புமாறு கூறுகின்றன. புகழுரையை மட்டுமன்றி எதிருரையையும் தாமே முன்வைக்க வேண்டுமெனின், விண்ணப்பம் என்பது தற்புகழ்ச்சியன்று, சாட்சியமே என்பது தெளிவாகின்றதன்றோ?

பொய்ச் சாட்சியத்தின் கதி யாதென்பதற்கு ஒரு சரித்திரமுண்டு. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் நிருபராயிருந்த ஜேனட் குக் என்பார், போதைமருந்துக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் குறித்து 1980-இல் உருக்கமான கட்டுரையொன்று வரைந்தார். 1981 ஏப்ரலில் அதற்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்றோரின் வாழ்க்கைக் குறிப்புகள் வெளிவந்தபொழுது, அவர் முன்பு பணியாற்றிய டொலீடோ நகரத்துப் பத்திரிகையினர், அவர் பெற்றதாகக் கூறிய பட்டங்கள் தாங்கள் அறிந்தவற்றோடு ஒவ்வாமை கண்டனர். கல்வியைப்பற்றிய பொய் வெளிப்படவே, அத்தகைய சிறுவன் ஒருவன் இலன் என்னும் பொய்யும் வெளிப்பட்டது. சில நாட்களுக்குள் பரிசு திருப்பியளிக்கப்பட்டது. அவரும் பதவி துறந்தார். விண்ணப்பத்தின் ஒரு மூலையிலிருந்த பொய், கட்டுரை முழுவதையும் காட்டிக்கொடுத்தது.

இனி, தகுதியாற் பெற்ற விருதையும் மனச்சான்றால் மறுத்த விருதையும் ஒருவரது வாழ்விலேயே காணலாம். சென்னையிற் பிறந்த பி. சாய்நாத், 1993-இல் டைம்ஸ் ஆப் இந்தியாவின் ஆய்வுதவித் தொகையைப் பெற்று, நாட்டின் மிக வறிய மாவட்டங்கள் பத்தினுக்குச் சென்றார். நம் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றுள் அடங்கும். ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் நடந்தே சென்றார் என்பர். 2007-இல் அவர்க்கு ரமோன் மகசேசே விருது கிட்டியது. இது பிறர் முன்மொழிய அளிக்கப்படுவதன்றித் தாமே விண்ணப்பித்துப் பெறுவதன்று. 2014-இல் ஊரக இந்தியாவிற்கென 'பாரி' என்னும் ஆவணக் களஞ்சியத்தை நிறுவினார். ஆனால், 2021-இல் ஆந்திர அரசு தமக்கு அறிவித்த வாழ்நாள் சாதனை விருதை, எவ்வரசைக் குறித்து எழுதுகின்றோமோ அவ்வரசினிடத்து விருது பெறுதல் பத்திரிகையாளர்க்குத் தகாது என்று கூறி ஏற்க மறுத்தார்.

ஆகவே விண்ணப்பிக்குமுன், வழங்குபவர் யார் என்று வினவுதல் கடனாகும். பின்னலாடைத் தொழிலைக் குறித்து எழுதுபவர் அத்தொழிலதிபர் சங்கத்தின் பொற்பதக்கத்தை அணிந்துகொண்டால், நாளை அவர் எழுதும் மெய்யுரையையும் ஊரார் ஐயுறுவர்.

மற்றுமொரு கடனும் உண்டு. இரவு வேலை முடிந்து திரும்பும் தையற்பெண் ஒருத்தி, தன் பெயரை வெளியிடாதிருக்கும்படி கேட்டுக்கொண்டு உள்ளதை உரைத்திருப்பாள். நடுவர்க்கு ஆதாரங் காட்டும் ஆர்வத்தினால் அவள் பெயரை விண்ணப்பத்தில் எழுதிவிடின், எழுத்தாளர்க்கு விருதும் அவளுக்கு வேலையிழப்புமே கிட்டும். அத்தகைய விருது பழியினும் இழிந்தது.

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் நாளை எழுதுகோல் ஏந்துவீர். கண்டதை அன்றன்றே நாளிட்டுக் குறித்து வைம்மின். பத்திரங்களின் படிகளைப் பேணுமின். மறுத்துரைத்தவர் கடிதத்தையும் கிழித்தெறியாது காமின். விருது வரினும் வராதொழியினும், இவ்வாறு காத்த ஏடுகளே நீவிர் எழுதியது மெய் என்பதற்குச் சான்றாக நிற்கும்.