போர் எச்சமும் பண்டப் பெறுமதியும்

இரண்டாம் உலகப்போரின் பின் படைகள் கழித்துவிட்ட துப்பாக்கிகள் அமெரிக்கச் சந்தையில் மலிவான பண்டங்களாகக் குவிந்தன. அவற்றின் மரப்பகுதியைக் குறைத்து, குழலை வெட்டி, வேட்டைக்கருவியாக்குவது சாதாரண மக்களிடையே பெருவழக்காயிற்று. 1980களில் ஜெஃப் கூப்பர் வகுத்த ‘ஸ்கவுட்’ இலக்கணம் இவ்வழக்கத்திற்குப் புதுவடிவந் தந்தது: சுமார் 1 மீற்றர் நீளம், 3 கிலோகிராம் நிறை, குழலின்மேல் முன்னகர்த்திய தொலைநோக்கி. தொலைநோக்கி முன்னகர்வதால் ரவைகளை மேலிருந்து இடும் வழி திறந்திருக்கும். ஜேர்மன் படை உலகப்போரிலேயே மௌசர் துப்பாக்கியில் இவ்வமைப்பைக் கையாண்டது.

ஆயின், மாற்றப்படாதவை அருகிவிட்டமையால் சேகரிப்போர் இன்று அவற்றுக்கே பெரும்பாலும் கூடிய விலை கொடுக்கின்றனர். பயன்பெறுமதியைக் கூட்டிய உழைப்பு பரிவர்த்தனைப் பெறுமதியைக் குறைத்துவிட்டது. பண்டத்தின் விலையை அதன் பயன்கொண்டு மட்டும் விளக்கமுடியாதென்பதற்கு இம்முரண் தக்க சான்றாகும்.